பழைய காரின் கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் எந்த எண்ணெய்?

1950களில் அச்சான ஒரு காரின் பராமரிப்புக் கையேட்டைத் திறந்தால், கியர்பாக்ஸுக்கு ஓர் எண்ணெயும் பின் அச்சுக்கு வேறோர் எண்ணெயும் குறித்திருப்பார்கள். அங்கே காணப்படும் வணிகப் பெயர்களில் பல இன்று சந்தையிலேயே இல்லை. அவற்றுக்குப் பதிலாகக் கடையில் எளிதில் கிடைப்பது ‘ஜி.எல்-5, 75டபிள்யூ-90’ என்று எழுதிய புட்டிதான். முன்னது கியர் எண்ணெயின் வகையையும், பின்னது அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கும். ஜி.எல்-4-ஐவிட ஜி.எல்-5 பெரிய எண், ஆகவே உயர்ந்தது என்று எண்ணி, அதையே இரண்டு இடங்களிலும் ஊற்றிவிடுவது பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். பின் அச்சில் அது பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடும். கியர்பாக்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஜி.எல் எண்கள் ஒன்றைவிட ஒன்று உயர்ந்த படிகள் அல்ல என்பதையும், எந்தப் பல்லுக்கு, எந்த உலோகத்துக்கு என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே புட்டியைத் தேட வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்லின் வடிவத்திலிருந்து தொடங்குவோம். கியர்பாக்ஸில் உள்ள பற்சக்கரங்கள் நேர்ப் பற்கள் கொண்டவையாகவோ சாய்ந்த பற்கள் கொண்டவையாகவோ இருக்கும். அவற்றின் அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையானவை. பற்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதே அதிகம், வழுக்குவது குறைவு. உருளும்போது எண்ணெய் ஆப்புப்போல இடையில் இழுக்கப்பட்டு, இரு எஃகுப் பரப்புகளையும் தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. பின் அச்சிலோ, காரின் நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்ப வேண்டியிருப்பதால், சிறிய பினியனும் பெரிய கிரௌன் வீலும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. தொடக்க காலக் கார்களில் இவை நேர்ப்பல் கூம்புச் சக்கரங்களாக இருந்தன. போர்டு மாடல் டி அப்படிப்பட்டது. பிறகு ஓசையைக் குறைப்பதற்காகப் பற்களை வளைத்து வெட்டிய சுருள்கூம்புச் சக்கரங்கள் வந்தன. இவ்விரண்டிலும் பினியனின் மைய அச்சு கிரௌன் வீலின் மையத்தை நேராகச் சந்திக்கும். ஆகவே பல்லின் நீளவாக்கில் வழுக்கல் என்பது ஏறக்குறைய இல்லை. சாதாரண கனிம எண்ணெயே இவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஹைப்பாய்டு அமைப்பு. பற்சக்கரம் வெட்டும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கிளீசன் நிறுவனம் உருவாக்கிய இந்த அமைப்பை 1926-இல் பாக்கார்டு தன் கார்களில் கொண்டுவந்தது. இதில் பினியன் கிரௌன் வீலின் மையத்துக்குக் கீழே இறக்கிப் பொருத்தப்படுகிறது. அதனால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தரையையும் கூரையையும் தாழ்த்த முடிந்தது. பினியனும் பெரிதாகி வலுப்பெற்றது. ஆனால் மையங்கள் விலகியதால் பற்கள் சந்திக்கும்போது அவற்றின் நீளம் முழுவதும் ஒன்றையொன்று அழுத்தியபடியே வழுக்குகின்றன. பெருத்த அழுத்தத்தின் கீழ் நிகழும் இந்த வழுக்கல் எண்ணெய்ப் படலத்தைத் துடைத்தெடுத்துவிடுகிறது. படலம் அறுந்த இடத்தில் எஃகும் எஃகும் நேரடியாக உரசி, நொடிப்பொழுதில் கொதித்து, நுண்ணிய அளவில் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு, அடுத்த கணமே பிய்ந்துபோகும். வெறும் கனிம எண்ணெயை ஊற்றிய ஹைப்பாய்டு அச்சின் பற்கள் வெகு விரைவில் கோடுகோடாகக் கீறிப் பாழாகிவிடும்.

இதற்கு மாற்றாகத்தான் ‘எக்ஸ்ட்ரீம் பிரஷர்’ என்ற, சுருக்கமாக ஈ.பி. எனப்படும் சேர்மங்கள் எண்ணெய்க்குள் வந்தன. தொடக்கத்தில் ஈயச் சோப்பும் கந்தகமும், பிறகு குளோரின் கலந்த சேர்மங்களும் பயன்பட்டன. இன்று வழக்கில் இருப்பது கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கலவை. இவை வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாமே எளிதாக விளங்கும். படலம் அறுந்து உரசும் புள்ளியில் எழும் கடும் வெப்பத்தில் கந்தகச் சேர்மம் சிதைந்து, அங்குள்ள இரும்போடு வினைபுரிந்து, இரும்பு சல்பைடாலான மெல்லிய படிவை உருவாக்குகிறது. இந்தப் படிவு எஃகைவிட மென்மையானது. பற்கள் உரசும்போது எஃகு பிய்வதற்குப் பதிலாகப் படிவு உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய படிவு உருவாகிறது. ஒரு சிறு தேய்மானத்தை ஏற்றுக்கொண்டு பெரிய சேதத்தைத் தவிர்க்கும் ஏற்பாடு இது. ஆகவே ஈ.பி. எண்ணெய் என்பது அடிப்படையில் உலோகத்தோடு வினைபுரியும் எண்ணெய். அது எந்த உலோகத்தோடு வினைபுரிகிறது என்பதில்தான் கியர்பாக்ஸின் சிக்கல் இருக்கிறது.

கந்தகத்துக்கு இரும்பைவிடச் செம்பின் மேல் நாட்டம் அதிகம். இரும்போடு வினைபுரிய உரசலின் கடும் வெப்பம் தேவைப்படுகிறது. செம்போடு வினைபுரிய கியர்பாக்ஸ் சாதாரணமாக ஓடும் சூடே சில வேளைகளில் போதும். பித்தளையும் வெண்கலமும் செம்பின் கலவைகள். பழைய கியர்பாக்ஸில், கியர் மாற்றும்போது சுழலும் வேகங்களை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்கள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை. லே ஷாஃப்ட் எனப்படும் துணைத் தண்டின் த்ரஸ்ட் வாஷர்களும், சக்கரங்கள் தங்கிச் சுழலும் புஷ்களும் பெரும்பாலும் வெண்கலத்தால் ஆனவை. கந்தகம் வீரியமாக உள்ள எண்ணெயில் நெடுநாள் ஊறினால் இவற்றின் மேற்பரப்பு கறுத்து, செம்பு சல்பைடாக மாறி, மெல்ல மெல்ல உதிரத் தொடங்கும். எஃகுப் பல்லில் படிவு உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது காப்பாகிறது என்றால், மென்மையான பித்தளையில் அதே உதிர்வு தேய்மானமாகவே முடிகிறது.

சின்க்ரோ வளையத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இதன் பாதிப்பு எங்கே விழுகிறது என்பது தெரியும். வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவில் சரிந்திருக்கும்; அந்தச் சரிவில் திருகாணியின் மரைபோல மிக நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். கியர் லீவரைத் தள்ளும்போது வளையம் பற்சக்கரத்தின் எஃகுக் கூம்பின் மேல் அழுந்துகிறது. வரிகளின் கூரிய முனைகள் கூம்பின் மேலுள்ள எண்ணெயை வழித்தெறிய, பித்தளையும் எஃகும் பிடித்துக்கொள்கின்றன. அந்த உராய்வில் இரண்டின் வேகமும் ஒன்றாகின்றன. அதன் பிறகே கியர் ஓசையின்றி விழுகிறது. மில்லிமீட்டரில் சிறு பங்கே உயரமுள்ள அந்த முனைகள் மழுங்கிவிட்டால் எண்ணெய் வழிக்கப்படுவதில்லை, வளையம் வழுக்கும், வேகங்கள் ஒன்றாவதற்கு முன்பே பற்கள் மோதி ‘கரக்’ என்று கடிக்கும். கந்தகத்தின் அரிப்பு முதலில் தின்பது இந்த முனைகளைத்தான். அரிப்பே இல்லாவிட்டாலும், அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் இதே வளையம் தன் வேலையைச் சரிவரச் செய்ய இயலாது. பின் அச்சு உராய்வைக் குறைக்கச் சொல்கிறது. சின்க்ரோவோ அளவான உராய்வு வேண்டும் என்கிறது. ஒரே புட்டி இரண்டையும் முழுமையாக நிறைவேற்றுவது கடினம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

1928-இல் காடிலாக், ஏர்ல் தாம்சன் வடிவமைத்த சின்க்ரோமெஷ் கியர்பாக்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய கார்களில் மேல் கியர்களுக்கு மட்டுமோ எல்லா முன்னோட்டக் கியர்களுக்குமோ சின்க்ரோ இருக்கும். எல்லா சின்க்ரோவும் பித்தளை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். போர்ஷ் வடிவமைத்த வகையில் மாலிப்டினம் பூசிய எஃகு வளையம் பயன்பட்டது. அந்த வளையத்தைப் பொறுத்தவரை பித்தளை அரிப்பு என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஆகவே ‘பழைய கார் என்றாலே ஜி.எல்-5 விஷம்’ என்ற பேச்சும் மிகையானதுதான். உதிரிபாகப் பட்டியலைப் பார்த்து உள்ளே என்ன உலோகம் என்று தெரிந்துகொள்வது, யாரோ சொன்ன விதியைப் பின்பற்றுவதைவிட நம்பகமானது.

இனி ஜி.எல் எண்களுக்கு வருவோம். இவை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்தவை. ஜி.எல்-1 என்பது ஈ.பி. சேர்மம் இல்லாத கனிம எண்ணெய். துருவையும் நுரையையும் தடுக்கும் சேர்மங்கள் மட்டும் இருக்கலாம். ஜி.எல்-2 புழுச்சக்கர அச்சுகளுக்கானது. ஜி.எல்-3 மிதமான கியர்பாக்ஸுகளுக்கும் சுருள்கூம்பு அச்சுகளுக்கும் உரியது. ஜி.எல்-4 கியர்பாக்ஸுகளுக்கும் மிதமான சுமையில் ஓடும் ஹைப்பாய்டுக்கும், ஜி.எல்-5 கடும் சுமையும் அதிர்ச்சியும் தாங்க வேண்டிய ஹைப்பாய்டுக்கும் உரியவை. மையம் மிக அதிகமாக விலகிய ஹைப்பாய்டுக்கென ஜி.எல்-6 என்ற வகையும் இருந்தது. இவற்றுள் 1, 2, 3, 6 ஆகியவற்றை ஏ.பி.ஐ. இன்று நடப்பு வகைகளாகக் கொள்வதில்லை, ஜி.எல்-4, ஜி.எல்-5 ஆகியவற்றோடு, சின்க்ரோ இல்லாத கனரக கியர்பாக்ஸுகளுக்கான எம்.டி.-1 மட்டுமே எஞ்சியிருக்கிறது. நடப்பில் இல்லை என்பதால் ஜி.எல்-1 எண்ணெய் கிடைக்காது என்று பொருளல்ல. பழைய கார்களுக்கென்றே அதைத் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

1950-இல் வெளிவந்த அமெரிக்க ராணுவத்தின் எம்.ஐ.எல்-எல்-2105 என்ற விவரக்குறிப்பின் தரமே பின்னர் ஏறக்குறைய ஜி.எல்-4 ஆயிற்று, 1962-இன் 2105பி ஜி.எல்-5க்கு அடிப்படையாயிற்று. 1960களின் கையேடுகள் சிலவற்றில் ஜி.எல் எண்ணுக்குப் பதிலாக இந்த ராணுவ எண்களே இருக்கும் என்பதால் இது நினைவில் இருப்பது நல்லது. எண்ணுக்குப் பின்னால் ‘பி’ இருக்கிறதா இல்லையா என்பதே அங்கே வேறுபாட்டைக் காட்டும்.

ஜி.எல்-5 பட்டம் பெற எண்ணெய் கடக்க வேண்டிய சோதனைகள், குறைந்த வேகத்தில் பெருஞ்சுமை, உயர் வேகத்தில் அதிர்ச்சி, ஈரத்தில் துரு, வெப்பத்தில் கெட்டிப்படுதல் போன்றவற்றை அளப்பவை. அவற்றில் எதுவும் சின்க்ரோ வளையம் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதைக் கேட்பதில்லை. செம்பு அரிப்புக்கு ஒரு சோதனை உண்டு. மெருகேற்றிய செம்புத் தகடு ஒன்றை 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் 3 மணி நேரம் எண்ணெயில் மூழ்கவைத்து எடுத்து, அதன் நிறத்தை அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். வெளிர் ஆரஞ்சு நிறமானால் 1ஏ. பளபளக்கும் கறுப்பானால் 4சி. இராணுவத்தின் ஜி.எல்-5 தரம் 3 வரை அனுமதித்தது, அதாவது தகட்டின் நிறம் நன்றாக மாறி மங்கினாலும் தேர்ச்சிதான். பின் அச்சுக்கு அது போதுமானது என்பதே அப்படி வகுத்ததன் காரணம்.

எண்ணெய் நிறுவனங்கள் வெளியிடும் தொழில்நுட்பத் தாள்களில் இந்தச் செம்புத் தகடு எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். 1ஏ அல்லது 1பி என்றிருந்தால் அந்த எண்ணெயில் கந்தகம் பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். ஆனால் சோதனை எந்த வெப்பநிலையில் நடந்தது என்பதையும் பக்கத்திலேயே பார்க்க வேண்டும்; 100 டிகிரியில் பெற்ற 1பி-யும் 121 டிகிரியில் பெற்ற 1பி-யும் ஒன்றல்ல. ‘ஜி.எல்-4/ஜி.எல்-5’ என்று இரண்டையும் சேர்த்து அச்சிட்ட புட்டிகளைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. ஜி.எல்-4 எண்ணெய்களில் பல, ஜி.எல்-5க்கான அதே சேர்மத் தொகுப்பை ஏறக்குறைய பாதி அளவில் கலந்து தயாராகின்றன. முழு அளவு கலந்தது பல்லைக் காக்கும் திறனில் பாதி அளவின் தேர்வையும் தாண்டிவிடும் என்ற தர்க்கத்தில் இரட்டை முத்திரை இடப்படுகிறது. பித்தளைக்கு முழு அளவு ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்விக்கு அந்த முத்திரை விடை தருவதில்லை. இன்றைய சேர்மங்களில் கந்தகத்தின் வீரியம் முன்பைவிட அடக்கப்பட்டிருப்பது உண்மைதான். அந்த அடக்கம் எந்தப் புட்டியில் எவ்வளவு என்பதைத் தாளில் உள்ள எண்தான் சொல்லும். முன்புறப் படம் சொல்லாது.

சின்க்ரோவே இல்லாத, கிளட்சை இருமுறை அழுத்தி மாற்ற வேண்டிய கியர்பாக்ஸுகள் தனி உலகம். இவற்றில் மேல் கியருக்கு மாற்றும்போது உள்ளே சுழலும் சக்கரங்களின் வேகம் குறைந்தாக வேண்டும். அதைக் குறைப்பது எண்ணெயின் கனமான இழுவைதான். மெல்லிய நவீன எண்ணெயை ஊற்றினால் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். எவ்வளவு பழகிய கையானாலும் பற்கள் கடிக்கும். 1927 முதல் 1931 வரை தயாரான போர்டு மாடல் ஏ காருக்கு, கியர்பாக்ஸிலும் பின் அச்சிலும் ‘600டபிள்யூ’ என்ற எண்ணெயை ஊற்றச் சொன்னார்கள். இது நீராவி இயந்திரங்களின் சிலிண்டருக்காக வாக்குவம் ஆயில் நிறுவனம் தயாரித்த எண்ணெயின் பெயர். இங்குள்ள ‘டபிள்யூ’, இன்றைய எண்களில் உள்ளதுபோல் குளிர்காலத்தைக் குறிப்பதல்ல. 600 என்பதும் எண்ணெயின் பாகுநிலையைக் (கெட்டித்தன்மையைக்) காட்டும் எஸ்.ஏ.இ. எண்ணல்ல. இன்றைய கணக்கில் எஸ்.ஏ.இ. 140க்கும் 250க்கும் இடைப்பட்ட கெட்டியான கனிம எண்ணெய் அதற்கு ஈடாகும். இந்தக் காரின் பின் அச்சு சுருள்கூம்பு வகை என்பதால் ஈ.பி. சேர்மம் தேவைப்படவில்லை.

பாகுநிலை எண்களைப் பற்றிய குழப்பம் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடலாம். எஸ்.ஏ.இ. 90 என்ற கியர் ஆயில் எஸ்.ஏ.இ. 50 என்ற இன்ஜின் ஆயிலைவிட இருமடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் பலர். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலுக்கான ஜே306 என்ற தரத்தில், 100 டிகிரி செல்சியஸில் எஸ்.ஏ.இ. 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு) வரை. இன்ஜின் ஆயிலுக்கான ஜே300 என்ற தரத்தில் எஸ்.ஏ.இ. 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, எஸ்.ஏ.இ. 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. ஆக, 90 எண் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எண் இன்ஜின் ஆயிலின் கனம்தான். இன்னொரு செய்தி: 2005-இல் ஜே306 திருத்தப்பட்டபோது 110, 190 என்ற புதிய எண்கள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் 90 என்பது 24 வரையிலும் 140 என்பது 41 வரையிலும் நீண்டிருந்தன. இன்று 140 என்பது 24 முதல் 32.5 வரை மட்டுமே. எனவே பழைய கையேடு சொல்லும் 140, இன்றைய புட்டியில் 140 ஆகவும் இருக்கலாம், 190 ஆகவும் இருக்கலாம். தேய்ந்து ஓசையிடும் பெட்டிக்கு 190-ஐத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொல்லும் கையேடுகளைப் பார்த்துப் பலர் அச்சுப் பிழை என்று நினைப்பதுண்டு. அது பிழையல்ல. மாரிஸ் மைனரின் கியர்பாக்ஸுக்கு எஸ்.ஏ.இ. 30 இன்ஜின் ஆயிலும், எம்.ஜி.பி.யின் கியர்பாக்ஸுக்கு 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலும் குறிக்கப்பட்டன. இரண்டின் பின் அச்சுக்கும் ஹைப்பாய்டு எஸ்.ஏ.இ. 90. மேலே சொன்ன கனக் கணக்கையும், இன்ஜின் ஆயிலில் செம்பைத் தாக்கும் வீரியக் கந்தகம் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். 1959-இல் வந்த மினியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியிலேயே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அங்கே தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்டு மாடல் டி-யின் கியர்களும் இன்ஜின் எண்ணெயில்தான் ஓடின. இத்தகைய பெட்டிகளுக்கு எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வுக் குறைப்பான் சேர்த்த மெல்லிய நவீன இன்ஜின் ஆயில் பொருந்தாது. பழைய வகை 20டபிள்யூ-50 போன்றவையே ஏற்றவை.

பட்டைகள் இறுகிக் கியரைப் பிடிக்கும் வில்சன் முன்தேர்வு கியர்பாக்ஸ், கூடுதல் உயர் கியராக இணைக்கப்படும், கூம்புக் கிளட்ச் கொண்ட லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ் போன்றவற்றில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாகிறது. அங்கே எண்ணெய்க்குள்ளேயே உராய்வுப் பரப்புகள் வேலை செய்கின்றன. ‘வழுவழுப்பு கூட்டும்’ என்று விளம்பரம் செய்யும் எந்தத் துணைத் திரவத்தையும் அவற்றில் ஊற்றக் கூடாது. கையேடு குறித்த வகையிலிருந்து நகர நினைப்பவருக்குப் பட்டைகளும் கிளட்சும் வழுக்கத் தொடங்குவதே பதிலாகக் கிடைக்கும்.

பின் அச்சில் பெரும்பாலானவர்களுக்கு முடிவு எளிது: ஹைப்பாய்டு என்றால் 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 எண்ணில் ஜி.எல்-5 கனிம எண்ணெய். உள்ளே, வளைவில் இருபுறச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களுக்குப் பின்னால் வெண்கல வாஷர் இருந்தாலும்கூட, கிரௌன் வீலையும் பினியனையும் காப்பதே முதன்மை. செம்புத் தகடு எண் நன்றாக உள்ள ஜி.எல்-5-ஐத் தேடிக்கொள்ளலாம். சுருள்கூம்பு அச்சுக்கு ஜி.எல்-4 போதும், கார் 1920களைச் சேர்ந்ததானால் கெட்டியான ஜி.எல்-1 எண்ணெயே பொருத்தம்.

இந்த விதிக்கு முற்றிலும் புறம்பானது புழுச்சக்கர அச்சு. இதில் திருகுபோன்ற எஃகுப் புழு ஒன்று, வெண்கலத்தால் ஆன பெரிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. லான்செஸ்டர், டெய்ம்லர் கார்களும், பியூஜோவின் 203, 403, 404 ஆகியவையும் இப்படிப்பட்டவை. வேலை முழுவதும் வழுக்கலே. அதுவும் எஃகு வெண்கலத்தின் மேல் வழுக்குகிறது. ஆகவே வழுக்கலைச் சமாளிக்க வேண்டும், ஆனால் வீரியக் கந்தகம் கூடாது. இயற்கைக் கொழுப்பைக் கனிம எண்ணெயில் கலந்த கலவை எண்ணெய்களும் ஆமணக்கெண்ணெய் அடிப்படையிலானவையும் இங்கே நெடுங்காலம் பயன்பட்டன. கொழுப்பின் மூலக்கூறுகள் உலோகத்தின் மேல் வினைபுரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்று, தொழிற்சாலைப் புழுச்சக்கரங்களுக்கென விற்கப்படும் ஐ.எஸ்.ஓ. 460 என்ற கெட்டித்தன்மை எண் கொண்ட கலவை எண்ணெய் இதற்கு நெருக்கமானது. பாலிகிளைகால் வகைப் புழுச்சக்கர எண்ணெய்களும் உண்டு. அவை கனிம எண்ணெயோடு கலவாதவை, பழைய சீல்களையும் பூச்சையும் பாதிக்கக்கூடியவை. ஆமணக்கெண்ணெயும் கனிம எண்ணெயோடு சரிவரக் கலக்காது என்பதால், வகையை மாற்றுபவர் பழையதை முழுவதும் வடித்துவிட்டே மாற்ற வேண்டும். ஒரு புழுச்சக்கர அச்சில் தெரியாமல் ஜி.எல்-5 ஊற்றப்பட்டிருப்பதுதான், இந்தத் துறையில் எண்ணெய்த் தேர்வால் விளையக்கூடிய மிகச் செலவுள்ள தவறு என்பது என் மதிப்பீடு. வெண்கலச் சக்கரத்துக்கு மாற்று கிடைப்பது அவ்வளவு அரிது.

கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில் அமைந்து ஒரே எண்ணெயைப் பகிரும் கார்களில் இருதரப்புத் தேவைகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. வோக்ஸ்வாகன் பீட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இறுதிச் சக்கரங்கள் சுருள்கூம்பு வகை என்பதால் மோதல் தீர்ந்துவிடுகிறது. 80டபிள்யூ-90 எண்ணில் ஜி.எல்-4 அங்கே இரு தரப்புக்கும் போதும். ஒரே கூட்டில் பித்தளை சின்க்ரோவும் ஹைப்பாய்டும் சேர்ந்திருந்தால் உற்பத்தியாளர் சொன்னதையே கொள்ள வேண்டும். அந்தக் கூட்டை அவர்கள் எந்த எண்ணெயோடு சோதித்தார்களோ அதுவே சமரசத்தின் எல்லை.

ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கிளட்ச் தட்டுகளால் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள அச்சுகளுக்குத் தனியாக உராய்வு மாற்றி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் கிளட்ச் தட்டுகள் ஒட்டியும் விட்டும் அதிர்ந்து ஓசையெழுப்பும். ஒரு காலத்தில் இந்த வேலைக்குத் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சட்டங்கள் அதைத் தடுத்த பிறகே செயற்கை மாற்றுகள் முழுமையாக இடம்பிடித்தன. அருங்காட்சியகத்தனமான பழைய டப்பாக்களில் உள்ள எண்ணெயை ‘அசல்’ என்று வாங்கி ஊற்றும் ஆர்வலர்கள் உண்டு. டப்பாவை அலமாரியில் வைத்துக்கொண்டு புதிய எண்ணெயை ஊற்றுவதே காருக்கு நல்லது.

செயற்கை எண்ணெயா கனிம எண்ணெயா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பல்லையும் உலோகத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல செயற்கை எண்ணெயில் குறையில்லை. குளிரில் அது எளிதாக ஓடும், சூட்டில் நிலைத்து நிற்கும். பழைய காரில் தடை சீல்களிலிருந்து வருகிறது. தோலாலும் கம்பளி ஃபெல்ட்டாலும் கார்க்காலும் ஆன சீல்கள், அல்லது ஷாஃப்ட்டில் வெட்டிய சுருள் வரி மட்டுமே சீலாக இருக்கும் அமைப்புகள், கெட்டியான கனிம எண்ணெயைத் தடுத்து நிறுத்தவே வடிவமைக்கப்பட்டவை. நன்றாக ஓடும் எண்ணெய் அவற்றின் வழியே கசிந்துவிடும். பின் அச்சில் அந்தக் கசிவு அரை ஷாஃப்ட் வழியாகப் பிரேக் லைனிங்கை நனைத்தால் அது எண்ணெய்ச் செலவோடு நிற்காது. இதற்கு அஞ்சி எண்ணெய்க்குப் பதிலாகக் கிரீஸை அடைத்து வைப்பதும் கூடாது. பல் சுழன்று கிரீஸில் ஒரு வாய்க்காலை வெட்டிக்கொள்ளும், விலகிய கிரீஸ் திரும்பி வந்து பல்லைத் தொடாது, பேரிங்குகள் வறண்டுபோகும். கசியும் பெட்டிக்குக் கெட்டியான எண்ணெய் ஓர் ஏற்கத்தக்க வழி, கிரீஸ் அப்படியல்ல.

அதிகம் ஓடாத காருக்கு ஈரமும் ஒரு பகை. சூடும் குளிருமாக மாறும் கூட்டுக்குள் காற்றின் ஈரம் படிந்து, நிரப்பு மட்டத்துக்கு மேலே உள்ள பற்களிலும் பேரிங்குகளிலும் துரு ஏறும். ஜி.எல்-5 எண்ணெய்கள் ஈரத் துருச் சோதனையைக் கடந்தவை என்பது இங்கே உண்மையான ஒரு நன்மை. ஜி.எல்-1 தேர்ந்தெடுப்பவர், துருத் தடுப்பான் சேர்த்த வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் ஓடிய தூரத்தைக் கணக்கிடாமல் மாற்றிவிட வேண்டும்.

புதிதாகக் கைக்கு வந்த பழைய காரில் முதல் வேலை, உள்ளே இருப்பதை வடிப்பது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வடித்துவிட்ட பிறகு நிரப்பும் பிளக் துருப்பிடித்து இறுகியிருப்பது தெரிந்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். வடிந்த எண்ணெயை வெளிறிய தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சாம்பல் நிறக் களிம்பு எஃகின் இயல்பான தேய்மானத்தைக் காட்டும்; பொன்னிற மினுக்கம் பித்தளையோ வெண்கலமோ உதிர்வதைக் காட்டும். கூடவே முட்டை அழுகியது போன்ற கந்தக நெடி அடித்தால், யாரோ கியர்பாக்ஸில் ஹைப்பாய்டு எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள் என்று ஐயம் கொள்ளலாம். ஓசையை மறைத்து விற்பதற்காக மரத்தூளை எண்ணெயில் கலப்பது பழைய கார் வியாபாரத்தில் நெடுநாளாகப் பேசப்படும் தந்திரம். தட்டில் நார்நாராக ஏதேனும் மிதந்தால் மெல்லிய எண்ணெய் ஊற்றி அலசிவிட வேண்டும். மண்ணெண்ணெயால் அலசுவது எளிதுதான், ஆனால் மூலைகளில் தங்கும் எச்சம் புதிய எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும்.

நிரப்பும்போது மட்டம் பிளக்கின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஊற்றினால், சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து சூடேற்றி நுரைக்க வைத்து, அழுத்தம் கூடிச் சீல் வழியே தள்ளிவிடும். காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே விளைவுதான் என்பதால், சீல் கசிகிறது என்று முடிவு செய்யும் முன் அந்தச் சிறு துளையைக் கம்பியால் குத்திப் பார்ப்பது நல்லது. வகை மாற்றிய முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி வடித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பொன்னிற மினுக்கம் குறையாமல் வந்தால், தேட வேண்டியது இன்னொரு புட்டியை அல்ல. பெட்டியை இறக்கிச் சின்க்ரோ வளையங்களையும் புஷ்களையும் பார்ப்பதே அடுத்த வேலை.